வெட்டி எறிந்த பன்னிரண்டு தப்படி

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மற்ற நேரமெல்லாம் பின்னால்தான் நடப்பார்.

ஆம்பூர் பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, சாவு எல்லாவற்றுக்கும் எங்கள் தெருக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோக்காரர் என்றால் அவர்தான். வேறு பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஒல்லியான உடம்பு. பேன்ட்டின் பின்பக்கம் எப்போதும் சுண்ணாம்போ சேறோ ஒட்டியிருக்கும். பின்னால் போகிற மனிதர் எதன்மீதாவது இடித்துக்கொள்ளாமல் எப்படிப் போக முடியும்?

கண்ணைக் கேமராவில் வைத்ததும் கால் தானாகப் பின்னால் போக ஆரம்பித்துவிடும். ஓர் அடி, இன்னோர் அடி. பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு கல்யாணத்தில் வாழையிலைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். இன்னொன்றில் மேளக்காரர் மடியில். எட்டாவது படிக்கும்போது எங்கள் வகுப்பைப் போட்டோ எடுக்க வந்தவர் பின்னாலேயே போய், கேட்டைத் தாண்டி, ரோட்டில் நின்றுவிட்டார். மாதனூர் பஸ் அவர் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஹாரன் அடித்தது.

"யோவ்! சாவறதுக்கு வேற பஸ் கெடைக்கலயா உனக்கு?" என்றார் டிரைவர்.

"இரு நைனா. கடைசில நிக்கற பொண்ணுக்குக் கால் தெர்ல" என்றார் இவர், கண்ணை எடுக்காமலே.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் படம் எடுத்து முடித்த பிறகுதான் பஸ் போனது.

கால் தெரிய வேண்டும். அவருடைய தொழிலில் அவருக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான். "கால் எங்க நிக்குதோ அங்கதான் தம்பி ஆளு. கால வெட்டிட்டா அவன் எங்கயும் இல்ல." இதை எத்தனை முறை அவர் வாயால் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

நான் வேலூரில் கல்லூரியில் சேர்ந்தபோது, அடையாள அட்டைக்குத் தலை மட்டும் தெரிகிற போட்டோ கேட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது நான்தான் முதல். என் அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் தள்ளுகிறவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். ஸ்டுடியோக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்தத் தலைப் படத்தை எடுத்தார். எடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் வாங்க" என்று எங்களை எங்கள் தெருவுக்கே நடத்திக்கொண்டு போனார். வீட்டு வாசலில் அப்பாவையும் என்னையும் நிறுத்தினார். பின்னாலேயே போய் எதிர்வீட்டுச் சுவரில் முதுகு இடித்ததும் நின்றார்.

"சாக்கடை வரும்ணா" என்றேன்.

"வரட்டும். படிக்கப் போறவன் எங்கிருந்து போனான்னு தெரிய வேணாமா?"

வந்தது. வீடு, அப்பா, நான், எங்கள் காலடியில் டேனரித் தண்ணீர் ஓடுகிற அந்தக் கால்வாய். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அந்தத் தண்ணீரின் நிறம் தெரிந்தது. மூன்று வருடம் கல்லூரியில் அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

முகத்துக்குக் கிட்டே அவர் போவது சாவு வீட்டில் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படித்தான் வழக்கம். உயிரோடு இருக்கிறவரை முழுசாக எடுப்பார்கள். முகத்தை மட்டும் பெரிதாக எடுத்தால் அது மாலை போடுகிற படம். சாவு வீட்டில் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, குனிந்து, முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்தவன் எங்கயும் நிக்கலயே தம்பி. அவனுக்கு மொகம் போதும்."

பட்டம் வாங்கி வந்து ஒரு சின்ன சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டேனரித் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி, தோல் வியாதிக்கு மருந்து, இப்படி ஏதோ எங்களால் முடிந்தது. எழுபதுகளின் கடைசி அது. வெளிநாட்டிலிருந்து வந்துபோன ஒருவர் தன்னுடைய பழைய சினிமா கேமராவையும் சில படச்சுருள்களையும், ஒரு புரொஜக்டரையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். கடிகாரத்துக்குப் போல அந்தக் கேமராவுக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஒரு முறை முறுக்கினால் அரை நிமிஷம் ஓடும். சத்தம் பதியாது. அந்தச் சுருளுக்கு நெகட்டிவும் கிடையாது. எதை எடுத்தோமோ அதையே கழுவி, அதையே ஓட்ட வேண்டும். டேனரி வேலையைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுப்போம் என்று சொன்னது நான்தான். கேமரா பிடிக்க ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டதும் நான்தான்.

கேமராவோடு ஓர் ஆங்கிலப் புத்தகமும் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். தூரத்து ஷாட் இடத்தைச் சொல்லும், நடு ஷாட் வேலையைச் சொல்லும், குளோஸப் மனசைச் சொல்லும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். புத்தகத்தில் இருந்தால் நான் நம்புவேன். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகமே என்னுடையதுதான்.

டேனரி மேனேஜர் அரை நாள் அனுமதி கொடுத்தார். பெயர்ப் பலகை படத்தில் வரக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. உள்ளே போனதும் இவர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டார். டிரம்கள் சுற்றுகிற இடத்தில் பின்னால் போனார். தோல் காயப்போடுகிற முற்றத்தில் பின்னால் போனார். ஒவ்வொரு ஷாட்டிலும் கூரை, சுவர், தரை எல்லாம் இருக்கும். ஆட்கள் மட்டும் விரல் உயரத்துக்கு இருப்பார்கள்.

"அண்ணா, எறும்பு மாதிரி இருக்காங்க. யாருன்னே தெரியாது."

"எங்கன்னு தெரியும்ல?"

"பாக்கறவங்களுக்கு அழுகை வரணும்ணா. மொகம் வேணும். குளோஸப் எடுத்தாதான் டாக்குமெண்டரி."

"அழுவறதுக்கா எடுக்கறோம்?" என்றார்.

கடைசியாகச் சுண்ணாம்புக் குழிகளுக்கு வந்தோம். இடுப்பளவு குழிக்குள் இறங்கி, ஊறின தோலைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஏழுமலை. எங்கள் மாலைப் பள்ளியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். முப்பது வயசு இருக்கும். முன்பல் பாதி உடைந்திருக்கும், சிரிக்கும்போது நாக்கால் அதை மறைத்துக்கொள்வார். ஸ்டுடியோக்காரர் வழக்கம்போலப் பின்னால் போய், கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சுருளில் மிச்சம் இருந்தது அரை நிமிஷத்துக்குக்கூடக் கம்மி.

"அண்ணா, இந்த ஒண்ணாவது கிட்ட போய் எடுங்க. ஏழுமலை அண்ணன் மொகம்."

குழிக்குள்ளிருந்து ஏழுமலை கேட்டார்: "இன்னா தம்பி, தல மட்டுமா? அய்ய, வேணாம்பா. எங்க வசந்தா பாத்தா மாலை வாங்க ஓடிருவா."

பக்கத்துக் குழியில் இருந்தவர், "ஒத்துக்கடா, சினிமால சேத்துக்கறாங்க. நாளைக்கி எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா உனக்கு?" என்றார்.

"இது ஓடற படம்ணா" என்றேன் நான். "கண்ணு சிமிட்டும். செத்தவங்க கண்ணு சிமிட்டமாட்டாங்கல்ல?"

அதற்கு ஏழுமலை சிரித்துவிட்டார். நாக்கு உடைந்த பல்லுக்குப் போனது. அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார். சாவியை முறுக்கினார். பட்டனை அழுத்தினார். அழுத்தினபடியே, கண்ணில் கேமராவோடு, முன்னால் நடந்தார். குழிகளின் வரப்பில் வழுக்கல். எனக்கு அவர் விழுந்துவிடுவாரோ என்று பயம், அதனால் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு தப்படி. ஏழுமலையின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் சுருள் தீர்ந்து கேமரா வெறுமனே ஓடுகிற சத்தம் கேட்டது.

"மொத்தமா முடிஞ்சிச்சி" என்றார்.

படத்தை வெட்டி ஒட்டியது நான். சங்கத்துப் பின்னறையில் ஒரு வாரம் உட்கார்ந்து, சின்ன வெட்டுக்கருவியும் பசையும் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அந்த நடக்கிற இடம் வந்தது. ஆடிக்கொண்டே வருகிறது, கூரை சாய்கிறது, ஒரு தூண் வந்து போகிறது, பாதி வழியில் மங்கிப் பிறகு தெளிகிறது. ஆடுகிற ஷாட்டை வெட்டி எறியச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. வெட்டினேன். தூரத்து ஷாட்டையும் முகத்தையும் நேராக ஒட்டினேன். துண்டை ஜன்னல் வழியாகப் பின்பக்கக் கால்வாயில் எறிந்தேன். முகம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று அதன் வாலிலும் ஒரு விரல் அளவு வெட்டினேன். அதை மட்டும் எறிய மனசு வரவில்லை. சிரிக்கிற முகம். புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன்.

மாலைப் பள்ளிச் சுவரில் படத்தை ஓட்டினோம். முகம் வந்தபோது கூட்டம் கத்தியது. ஏழுமலை வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார். ஸ்டுடியோக்காரர் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். ஒட்டின இடம் புரொஜக்டரைத் தாண்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அவர் தலையைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து ஏழுமலை செத்துப்போனார்.

டேனரியின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண இறங்கியவர் விஷவாயு அடித்து மேலே வரவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே டேனரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: இந்த ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை. வருகைப் பதிவில் பெயர் இல்லை. சுவர் ஏறித் தோல் திருட வந்தவன், தவறித் தொட்டியில் விழுந்திருக்கிறான்.

கூட வேலை செய்தவர்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பேசினால் மறுநாள் வேலை இல்லை. என் அப்பாவும் பேசவில்லை. அவரை நான் குறை சொல்லவும் முடியாது; என்னைப் படிக்க வைத்த டிரம் அது.

ஏழுமலையின் மனைவி வசந்தா சங்கத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. "காசு குடுக்கறாங்க, குடுக்கல, அது போவட்டும் தம்பி. தண்ணி புடிக்கப் போனா திருடன் பொண்டாட்டின்றாங்க. அவரு அங்க வேல செஞ்சாருன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும். அத ஃபிரேம் போட்டு வாசல்ல மாட்டிக்குவேன்."

"இருக்கு" என்றேன். "படம் இருக்கு அக்கா. அவரு அங்க வேல செய்யறதே இருக்கு."

வேலூர் லேபர் ஆபீசில் விசாரணை. அதிகாரி நல்ல மனிதர். படத்தைப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டினோம். சுவரில் வேட்டி கட்டினோம். நான் புரொஜக்டர் பக்கத்தில். டேனரியின் வக்கீல், வசந்தா, ஸ்டுடியோக்காரர் மூன்று பேரும் பெஞ்சில்.

டிரம்கள் வந்தன. முற்றம் வந்தது. குழிகள், கொட்டகை, குழிக்குள் விரல் உயர ஆட்கள். 'டக்.' ஏழுமலை வேட்டி முழுக்கச் சிரித்தார். வசந்தா எழுந்து நின்று, "அவருதான்! சார், அவருதான் சார்!" என்று கத்திவிட்டாள்.

விளக்கைப் போட்டார்கள். வக்கீல் கோபமே இல்லாமல் பேசினார்.

"சார், தூரமா தெரியுதே, அது எங்க கம்பெனிதான். பர்மிஷன் குடுத்ததே நாங்கதான், மறுக்கல. அதுல இந்த ஆள் யாருன்னு காட்டச் சொல்லுங்க. அப்புறம் ஒரு மொகம் வருது. அது இந்தம்மா வீட்டுக்காரர்தான், அதையும் மறுக்கல. அது எங்க எடுத்ததுன்னு காட்டச் சொல்லுங்க. மொகத்துக்குப் பின்னால வெள்ளையா இருக்குது. செவுரா, வானமா, தெரியல. செவுரு மாவட்டம் பூரா இருக்கு சார்."

அதிகாரி ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். "நீங்கதான எடுத்தீங்க?"

அவர் எழுந்து நின்றார். "ஆமா சார். ரெண்டும் ஒரே எடம்தான் சார். நான் வெளியேர்ந்து நடந்து போயி எடுத்தேன். பட்டன விடவே இல்ல. நடந்தது பூரா படத்துல இருக்கும் சார். சின்னதா தெரியற ஆளு அப்படியே பெரிசாவான். தூணு வரும், தூண்ல தார்ல ஏழுன்னு போட்ருக்கும். தம்பி, இன்னொரு வாட்டி ஓட்டுங்க, சாருக்குக் காட்டலாம்."

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் துண்டு அதில் இல்லை என்று தெரிந்தே சுருளைப் பின்னால் சுற்றினேன். சாக்கை மறுபடி இறக்கினார்கள். குழிகள், கொட்டகை. அவர் சுவருக்குப் பக்கத்தில் போய், விரலை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். 'டக்.' முகம்.

விரல் நீட்டினபடியே இருந்தது. ஏழுமலையின் கன்னம் அவருடைய சட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கய்யா நடக்கறீங்க?" என்றார் அதிகாரி.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். புரொஜக்டர் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். வக்கீல் இருந்தார், அதிகாரி இருந்தார், 'தம்பி படிச்சவரு' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற வசந்தா இருந்தாள்.

"நடுவுல பட்டன உட்டுட்டேன் போல சார்" என்றார் அவர். "வயசாவுது. பழகாத கேமரா."

வசந்தா அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எனக்கு வந்திருக்க வேண்டிய பார்வை அது.

படச்சுருளைக் கேஸ் கட்டோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு எத்தனை நடை நடந்தும் அது திரும்பி வரவில்லை. இறந்தவர் அந்த நிறுவனத்தில் வேலை செய்தார் என்று நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் ஒரு காகிதம் வந்தது.

அன்றைக்கு ஊர் திரும்பும்போது, பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தத் துண்டு எங்க தம்பி?"

"தூக்கிப் போட்டுட்டேன்ணா."

"எங்க?"

"பின்பக்கக் கால்வாய்ல."

"ம்" என்றார். "ஆடிச்சா?"

"ஆடிச்சிண்ணா."

"வரப்பு வழுக்கிச்சி. அதான் ஆடிச்சி." ஏதோ தன்மீது உள்ள குற்றத்துக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் காலையில் சங்கத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அவர் முழங்கால் வரை கால்வாயில் நிற்கிறார். கையில் கொக்கி கட்டின மூங்கில். ஏழெட்டு மாதத் தண்ணீர் ஓடின இடம். "பேஜார் புடிச்ச வேல" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று நாள் கிளறினார். மூன்றாவது நாள் உண்மையிலேயே ஒரு துண்டு கிடைத்தது. ஓரத்தில் துளை வரிசை அப்படியே இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தார். படம் இல்லை. டேனரித் தண்ணீர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வெறும் கண்ணாடி மாதிரி விட்டிருந்தது. அதன் வழியாக அவர் கண் எனக்குத் தெரிந்தது. அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் படம் எடுக்காத ஏழை வீடு அது. ஏழுமலையின் முகம் உலகத்தில் மிச்சம் இருந்தது என் புத்தகத்துக்குள் நான் வைத்திருந்த விரல் அளவு வாலில் மட்டும்தான். அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பெரிது பண்ணினார். முதல் தெவசத்துக்கு வசந்தா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன்.

முகத்துக்குப் பின்னால் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் வரைந்திருந்தார். போட்டோவுக்குச் சாயம் போடுகிற கலரில், மெல்லிய பிரஷ்ஷால். கொட்டகை. ஓடு. இரண்டு குழி. தார் எழுத்தில் ஏழு என்று போட்ட தூண். ஒரு காக்காய்கூட இருந்தது.

"இது செல்லாது" என்றார் வசந்தாவிடம். "ஆபீசுல காட்டாதம்மா, நாம வரைஞ்சதும்பாங்க. ஊட்டுல மட்டும் வெச்சிக்க. கேக்கறவங்களுக்கு எங்க நின்னாருன்னு தெரியும்."

அவள் அதை வாசலைப் பார்த்து மாட்டினாள். பட்டன் விட்ட மனிதர்மேல் அவளுக்கு இருந்த கோபம் அன்றைக்குக் குறைந்திருக்கலாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

அவள் வீட்டுச் சுவரில் உப்பு பூக்கும். பாலாற்றங்கரையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, போட்டோ நிற்கும், மேலே தீட்டினது பொரிந்து விழும். அதனால் வருஷா வருஷம் தெவசத்துக்கு முன்னால் அவர் கலர்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வரைவார். ஸ்டுடியோவில் அதற்குள் கூட்டம் மாறிவிட்டது. டேனரிகள் ஷூ கம்பெனிகளாக மாறின. மாதனூர்ப் பக்கத்துப் பெண்கள் அடையாள அட்டைக்கு வரிசையில் நின்றார்கள். எல்லாம் தலைப் படம். ஸ்டூலையும் கேமராவையும் தரையில் ஆணி அடித்துவிட்டார். பின்னால் போவதே நின்றுபோனது. பட்டனைத் தட்டிவிட்டு, படத்தின் முதுகில் பென்சிலால் அந்தப் பெண் வேலை செய்கிற இடத்தை எழுதுவார். "எந்த கம்பெனிம்மா? எந்த லைனு?" "எதுக்குண்ணா?" "சும்மாதான்." கம்பெனிக்காரர்கள் அதன்மேல் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

போன தையில் அவர் இறந்தார். வேறு ஸ்டுடியோப் பையன் வந்து, ஸ்டூலில் ஏறி, முகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

இந்த வருஷம் தெவசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வசந்தா படத்தைத் துணிப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். அவருடைய கலர்ப் பெட்டியையும் அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். முகத்துக்குப் பின்னால் தீட்டினது எல்லாம் போய்விட்டது. ஏழுமலை வெள்ளையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போடுங்க தம்பி. நீங்களும் அங்க இருந்தவருதான?"

பிரஷ்ஷை நனைத்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். உடைந்த பல் வந்தது. அதன்மேல் நாக்கு வந்தது. இடது புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொட்டு, உதட்டுக்கு மேலே வியர்வை எல்லாம் வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த அரை நாளில் ஒரு முறைகூட இடத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கொட்டகையும் இப்போது இல்லை. இடித்து ஷூ கம்பெனி கட்டிவிட்டார்கள்.

ஏதோ ஒரு கூரையை இழுத்தேன்.

"அய்ய, அவ்ளோ ஒசரம் இல்ல தம்பி" என்றாள். "காதுக்கு நேரா ஓடு வரும். இங்க தூணு. இன்னும் இந்தப் பக்கம். அதுல ஏழு. ஏழுக்குக் கீழ கொஞ்சம் தாரு வழிஞ்சிருக்கும். இங்க ரெண்டு குழி, ஒண்ணுதான் முழுசா தெரியும். காக்கா ஓட்டு மேல."

அந்த டேனரியின் கேட்டுக்குள் அவளை ஒருநாளும் விட்டதில்லை. புருஷன் பிணத்தைக்கூடக் கேட்டுக்கு வெளியேதான் கொடுத்தார்கள். அவள் விரல் வைத்துக் காட்டக் காட்ட, நான் அங்கே நின்றவன், கேட்டுக் கேட்டு வரைந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தார் வழிந்த இடத்தையும் போட்டேன்.

அவள் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். சுவரில் சாய்த்துவிட்டு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கி நீங்க அங்க இருந்தீங்கதான தம்பி?"

பிரஷ்ஷைத் தண்ணீரில் விட்டுக் கழுவினேன். இருந்தேன் என்று சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.